கை உதறுவதை நிறுத்தினோம், இப்போது கையைக் கடிக்கிறான்

சித்திரைவெயில் | ஞாயிறு, இரவு 11:10

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு மாதமாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இன்றைக்கு எழுதாமல் தூக்கம் வராது போல இருக்கிறது. நாங்கள் மதுரை. பையனுக்கு ஆறு வயது ஆகப்போகிறது, மூன்றரை வயதில் ஆட்டிசம் என்று சொன்னார்கள். இரண்டு மூன்று சொல் சேர்த்துப் பேசுவான், மற்றபடி வேண்டியதற்கு என் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் காட்டுவான்.

சின்னதிலிருந்தே சந்தோஷம் வந்தாலும் பயம் வந்தாலும் இரண்டு கையையும் தோளுக்கு நேராகத் தூக்கி உதறுவான், கூடவே ஈஈ என்று ஒரு சத்தம். ஃபேனை அண்ணாந்து பார்த்துக்கொண்டே முன்னும் பின்னும் ஆடுவான். எங்களுக்கு அது பழகிவிட்டது. ஜூனில் பள்ளியில் சேர்த்தோம், ஒரு மாதத்தில் கூப்பிட்டு மற்ற பிள்ளைகளின் கவனம் சிதறுகிறது, கையை உதறுவதை நிறுத்துங்கள், இல்லையென்றால் வேறு இடம் பாருங்கள் என்றார்கள். போகிற தெரபி சென்டரில் இதைச் சொன்னபோது ஒரு திட்டம் போட்டுக் கொடுத்தார்கள். கையைத் தூக்கினால் உடனே 'கை கீழே' என்று சொல்லி மடியில் அழுத்திப் பிடிக்க வேண்டும், பத்து எண்ணும்வரை அடங்கி இருந்தால் ஒரு மிட்டாய். வீட்டில் நான், அவர், மாமியார் எல்லோரும் அப்படியே செய்தோம். மூன்று வாரத்தில் உதறுவது நன்றாகக் குறைந்தது, எல்லோருக்கும் சந்தோஷம். நாலாவது வாரம் குளிப்பாட்டும்போது பார்க்கிறேன், வலது மணிக்கட்டுக்குக் கீழே பல் பதிந்த தடம், வட்டமாக, நீலம் பாய்ந்து. இப்போது அந்த இடம் காய்த்துப்போய்த் தோல் தடித்துவிட்டது. நேற்று ரத்தம் வந்தது.

இதையும் அதே மாதிரி 'வாய் கீழே' என்று நிறுத்துவதா? மாத்திரை ஏதாவது உண்டா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இரட்டைவால்குருவி | திங்கள், காலை 6:35

தோழி, முதலில் காயத்தைப் பாருங்கள். மனிதப் பல் பட்ட காயம் சீக்கிரம் சீழ் வைக்கும், சோப்புத் தண்ணீரில் கழுவிவிட்டு இன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். அப்படியே காது, பல், ஈறு, வயிறு எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. என் மகளுக்கு ஐந்து வயதில் தலையை இடப்பக்கமாகச் சுவரில் மோதும் பழக்கம் வந்தது. கேட்ட இடத்திலெல்லாம் ஆட்டிசம் என்றால் அப்படித்தான், பிடிவாதம் என்றார்கள். இரண்டு மாதம் கழித்து வேறு ஒரு டாக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார், இடது காதில் சீழ். மருந்து போட்டுப் பத்தே நாளில் மோதல் நின்றுபோனது. அந்த இரண்டு மாதமும் என் பிள்ளை வலியை அந்த வழியில்தான் சொல்லிக்கொண்டிருந்தாள், நாங்கள் அவளைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

புதிதாகத் திடீரென்று வருகிற எதுவாக இருந்தாலும் முதல் சந்தேகம் வலி மேல் போகட்டும். மலச்சிக்கல் உண்டா? முன்பற்கள் விழுந்து முளைக்கிற வயது வேறு.

ஓடி_நெல்லை | திங்கள், பகல் 1:20

நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கும் தெரபி, பதினோரு வருடமாகப் பிள்ளைகளோடு வேலை. மேலே தோழி சொன்னது முழுக்கச் சரி, டாக்டர் பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம். இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: ஆடும்போதோ ஃபேனைப் பார்க்கும்போதோ பெயரைச் சொல்லித் தோளைத் தொட்டாலும் சில நொடி திரும்பவே மாட்டான், கண் ஒரே இடத்தில் நிற்கிறது என்றால் வலிப்பா என்று பார்க்க வேண்டும். ஃபோனில் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள், வாயால் விவரிப்பதைவிட அது டாக்டருக்கு உதவும்.

இப்போது கை உதறுவதற்கு வருகிறேன். கண், காது, மூக்கு, நாக்கு, தோல் தவிர இன்னும் இரண்டு உணர்வு நமக்கு உண்டு. கைகால் எங்கே எப்படி இருக்கிறது என்று மூட்டும் தசையும் மூளைக்குச் சொல்வது ஒன்று, உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறது சுற்றுகிறது என்று உள்காது சொல்வது இன்னொன்று. ஆட்டிசம் உள்ள நிறையப் பிள்ளைகளுக்கு இந்த வரவு செலவு நம்மைப் போல இருப்பதில்லை, சில சத்தம் சில வெளிச்சம் தாங்க முடியாத அளவுக்கு உள்ளே வரும், சில உணர்வு வரவே வராது. மனநல டாக்டர்கள் நோயறியப் பயன்படுத்தும், 2013ல் வந்த டிஎஸ்எம்-5 கையேட்டில் இதை ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகவே சேர்த்துவிட்டார்கள். உதறும்போது தோள், முழங்கை, மணிக்கட்டு மூன்றுக்கும் பலமான செய்தி கிடைக்கிறது, ஆடும்போது உள்காதுக்குக் கிடைக்கிறது, அதை வைத்துப் பிள்ளை தன்னைத் தானே நிலைப்படுத்திக்கொள்கிறான். இதைத்தான் ஸ்டிம்மிங் என்கிறோம். நாமும் பரீட்சை ஹாலில் பேனா மூடியைக் கடிப்போம், கால் ஆட்டுவோம். அவனுக்கு அது நம்மைவிடப் பல மடங்கு தேவை.

அந்த வழியை அடைத்துவிட்டீர்கள், தேவை அப்படியே இருக்கிறது. கடித்தால் தாடை மூட்டில் கிடைக்கும் அழுத்தம் உடம்பிலேயே பலமான ஒன்று. அதனால் அங்கே போயிருக்கலாம். உங்கள் மேல் குற்றம் சொல்வதற்காக எழுதவில்லை அம்மா, சொல்லிக்கொடுத்ததைச் செய்தீர்கள், அவ்வளவுதான்.

'வாய் கீழே' வேண்டாம். அடைத்தால் அடுத்து தலைக்கோ கண்ணுக்கோ போகலாம். 'கை கீழே' என்பதையும் இன்றோடு நிறுத்திவிடுங்கள். ஒரு நோட்டு வாங்கி எட்டு நாள் எழுதுங்கள்: எத்தனை மணி, கடிப்பதற்கு முந்தின ஒரு நிமிடம் என்ன நடந்தது, கடித்தபின் வீட்டில் யார் என்ன செய்தார்கள். ஒருவன் கடிப்பது ஏதோ ஒன்று வேண்டும் என்பதற்காக இருக்கலாம், ஏதோ ஒன்றிலிருந்து தப்பிக்க இருக்கலாம், நாம் ஓடிவருவதற்காக இருக்கலாம், அந்த அழுத்தத்துக்காகவே இருக்கலாம். எது என்று தெரியாமல் வைத்தியம் கிடையாது.

மாத்திரை கேட்டிருந்தீர்கள். கை உதறுவதற்கு மாத்திரை இல்லை, தேவையும் இல்லை. தன்னைக் காயப்படுத்திக்கொள்வது கடுமையாக இருந்தால் ரிஸ்பெரிடோன், அரிபிப்ரசோல் இரண்டும் கொடுப்பார்கள், அமெரிக்காவில் முதலாவதற்கு 2006லும் இரண்டாவதற்கு 2009லும் ஆட்டிசப் பிள்ளைகளின் கடும் எரிச்சலுக்காக அனுமதி கிடைத்தது. எடை கூடும், தூக்கக் கலக்கம் வரும். குழந்தை மனநல டாக்டர் பார்த்து முடிவு செய்ய வேண்டிய விஷயம், உங்கள் பையன் இருக்கும் நிலையில் அது முதல் படி இல்லை.

பெரியகுளம்அப்பா | திங்கள், இரவு 9:45

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். என் பையனுக்கு 15 வயது, என் உயரம் வந்துவிட்டான். ஆறு வயதில் கை உதறினால் பாவம் சின்னப் பிள்ளை என்பார்கள். போன வருடம் பஸ் ஸ்டாண்டில் நான் டிக்கெட் விஷயமாகத் திரும்பின நேரத்தில் இவன் ஆடிக்கொண்டு உறுமியிருக்கிறான், பக்கத்தில் ஒரு பெண் பயந்து கத்த, ஒருத்தர் வந்து கன்னத்தில் அறைந்துவிட்டார். போதை என்று நினைத்தாராம். அன்றைக்கு இரவு முழுக்க நானும் என் மனைவியும் உட்கார்ந்தே இருந்தோம். எல்லாம் சரி, விட்டுவிடுங்கள் என்று நீங்கள் சொல்வது வீட்டுக்குள் சரி. எங்கள் காலத்துக்குப் பிறகு அவன் வெளியில் இருந்தாக வேண்டும். அடக்கப் பழகுவது அவனுக்குப் பாதுகாப்பு என்றுதான் நான் நினைக்கிறேன்.

நிலாமுற்றம் | செவ்வாய், நள்ளிரவு 12:30

சார், நீங்கள் எழுதியதைப் படித்து அழுதுவிட்டேன். அந்த அறை என் மேல் விழுந்தது போல இருந்தது. எனக்கு 28 வயது, சென்னையில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை, 23 வயதில்தான் எனக்கு ஆட்டிசம் என்று தெரிந்தது. அதனால் உள்ளே இருந்து எப்படி இருக்கும் என்று சொல்ல முடியும்.

மூன்றாம் வகுப்பில் நான் விரல்களை முகத்துக்கு முன்னால் ஆட்டுவேன். மிஸ் ஸ்கேலால் முட்டியில் அடிப்பார். இரண்டு வாரத்தில் நிறுத்திவிட்டேன், அம்மாவிடம் நல்ல முன்னேற்றம் என்று சொன்னார்கள். நான் நிறுத்தவில்லை. ஷூவுக்குள் கால்விரலை மடக்கி மடக்கி நகம் சதையில் ஏறும், தலையில் ஒரே இடத்தில் முடியைப் பிடுங்கிக்கொண்டே இருப்பேன், அது யார் கண்ணிலும் படாது. வகுப்பில் என் மூளையில் பாதி, 'ஆடாதே ஆடாதே' என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வதிலேயே போகும், மிச்சப் பாதியில்தான் கணக்கு. வீட்டுக்கு வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் கத்தி அழுவேன், பள்ளியில் தங்கமாக இருக்கிறவள் வீட்டில்தான் ஆடுகிறாள் என்று அம்மாவுக்குப் பழி.

என்னைப் போன்றவர்களிடம் நேராகவே கேட்டு ஒரு ஆய்வு 2019ல் வந்தது, பெரியவர்கள் 32 பேர். அவர்கள் சொன்னதும் ஏறக்குறைய இதுதான்: தாங்க முடியாமல் போகும்போது ஆடுவது அமைதி தருகிறது, ஆடினால் வெளியில் கேவலமாகப் பார்க்கிறார்கள் என்பதால் மறைக்கிறோம், இதற்கு வைத்தியம் என்று வருவதை விரும்பவில்லை. பிடிக்காத ஸ்டிம் என்று சிலர் சொன்னதும் உண்டு, தன்னைக் காயப்படுத்துவது அதில் ஒன்று.

சார், உங்கள் மகன் கை உதறியதற்கு அந்த அறை விழவில்லை. அந்த ஆளுக்குத் தெரியாது, அதுதான் காரணம். ஆனாலும் நாளைக்கே ஊர் மாறிவிடாது என்று நீங்கள் கேட்பது எனக்குப் புரிகிறது.

ஓடி_நெல்லை | செவ்வாய், காலை 10:05

இரண்டு பேர் சொல்வதும் ஒரே இடத்தில்தான் வந்து சேர்கிறது. 'செய்யாதே' என்பது வேறு, 'இங்கே இப்படிச் செய்யலாம், வீட்டில் அப்படிச் செய்யலாம்' என்பது வேறு. இரண்டாவதைச் சொல்லிக்கொடுக்கலாம், படம் போட்டுக் கொடுத்தால் நிறையப் பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள். பஸ்ஸில் பேன்ட் பாக்கெட்டில் ஒரு பந்து, வீட்டுக்கு வந்ததும் ஊஞ்சலில் அரை மணி நேரம், யாரும் குறுக்கே வரக்கூடாது. ஆனால் பாக்கெட்டில் இருப்பது அவனுக்கு உண்மையாகவே பிடித்திருக்க வேண்டும், நமக்குப் பார்க்க அடக்கமாக இருந்தால் போதாது. அழுத்தம் தேடுகிற பிள்ளைக்கு வழவழப்பான பந்தைக் கொடுத்தால் தூக்கி எறிவான்.

பழைய முறைகள் எங்கிருந்து வந்தன என்பதும் தெரிந்திருக்கட்டும். 1960களில் அமெரிக்காவில் லோவாஸ் என்கிற உளவியலாளர் ஆட்டிசப் பிள்ளைகளின் ஆட்டத்தை நிறுத்துவதற்கு அடி, மின் அதிர்ச்சி வரை பயன்படுத்தினார். இன்றைக்கு நல்ல பிஹேவியர் தெரபிஸ்ட்கள் அதையெல்லாம் விட்டு ரொம்ப தூரம் வந்துவிட்டார்கள், அவர்களில் பலரிடம் நானே பிள்ளைகளை அனுப்புகிறேன். ஆனாலும் 'சாதாரணப் பிள்ளை மாதிரித் தெரிய வேண்டும்' என்கிற அந்தக் குறி இன்னும் சில இடங்களில் அப்படியே இருக்கிறது. தெரபி சென்டரில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இதை ஏன் நிறுத்தச் சொல்கிறீர்கள், யாருக்கு வலிக்கிறது?

சித்திரைவெயில் | அடுத்த புதன், இரவு 10:50

நோட்டு எழுதி முடித்துவிட்டேன். டாக்டரிடம் காட்டினோம், காது சரி, வயிறு சரி, கீழ் முன்பல் ஒன்று ஆடுகிறது, காயத்துக்கு மருந்து கொடுத்தார்.

எட்டு நாளில் 31 தடவை கடித்திருக்கிறான். காலை ஏழே காலுக்கு மிக்ஸியும் குக்கரும் ஒன்றாகப் போகிற நேரத்தில் மட்டும் 8 தடவை, எட்டு நாளும் தவறாமல். எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை, நான் அடுப்படியில் இருப்பேன், அவன் ஹாலில் இருப்பான். பள்ளியில் ஆயாம்மா நல்லவர், அவரைக் கேட்டுக் குறித்துக்கொண்டேன், மதியம் டிபன் பாக்ஸ்கள் திறக்கும்போது 7 தடவை. வெள்ளிக்கிழமை கோயில் மைக் போட்டபோது 4.

மிச்சம் 12. அந்தப் பன்னிரண்டும் யாராவது 'கை கீழே' என்று சொன்ன ஒரு நிமிடத்துக்குள். நான் நிறுத்திவிட்டேன், மாமியாருக்கும் அவருக்கும் வாயில் பழகிவிட்டது. நேற்று இரவு அந்தப் பக்கத்தை எடுத்து இருவரிடமும் காட்டினேன். மாமியார் ஒன்றும் பேசவில்லை, எழுந்து போய்ப் பேரன் பக்கத்தில் படுத்துக்கொண்டார்.

பிள்ளை சத்தம் தாங்காமல் கையைத் தூக்கியிருக்கிறான், அந்தக் கையை நாங்கள் பிடித்து அழுத்தியிருக்கிறோம்.

இனி என்ன செய்ய? கனமான போர்வை ஒன்று ஆயிரக்கணக்கில் விலை போட்டு விற்கிறார்கள், வாங்கலாமா?

ஓடி_நெல்லை | வியாழன், காலை 7:15

அம்மா, இவ்வளவு நல்ல நோட்டு நான் பார்த்ததில்லை. பாதி வேலை முடிந்துவிட்டது.

போர்வைக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். 2014ல் இங்கிலாந்தில் 67 பிள்ளைகளை வைத்துச் சோதித்தார்கள், சாதாரணப் போர்வையைவிடத் தூக்கம் கூடவில்லை, பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் பிடித்திருந்தது என்பது மட்டும் உண்மை. அழுத்தம் வேண்டுமென்றால் நம் வீட்டிலேயே இருக்கிறது. பழைய பருத்திச் சேலையில் தூளி கட்டி உள்ளே உட்கார வையுங்கள், நாலு பக்கமும் உடம்பைப் பிடிக்கும், ஆடவும் செய்யும், கொக்கியும் கயிறும் உங்கள் எடையைத் தாங்குகிறதா என்று முதலில் நீங்கள் உட்கார்ந்து பாருங்கள், தனியாக விடாதீர்கள். பள்ளிக்குக் கிளம்பும் முன் இருபது நிமிடம் தசைக்கு வேலை: சப்பாத்தி மாவு பிசையட்டும், அரை வாளித் தண்ணீர் தூக்கிச் செடிக்கு ஊற்றட்டும், சுவரைத் 'தள்ளு தள்ளு' என்று பத்து எண்ணட்டும்.

சத்தம்தான் மூலம் என்பதால் அதை முதலில் பாருங்கள். மிக்ஸியைப் போடும் முன் அவனிடம் வந்து மிக்ஸி படத்தைக் காட்டி 'மிக்ஸி, பத்து எண்ணுவோம்' என்று சொல்லுங்கள், முடிந்தால் அவனே சுவிட்சைப் போடட்டும், தானே போடுகிற சத்தம் பயமுறுத்துவது குறைவு. காதை மூடும் இயர் மஃப் ஒன்று, வேலைத்தளங்களில் போடுகிற வகை, சிறுவர் அளவிலும் வருகிறது. நாள் முழுக்கப் போட வேண்டாம், அந்தந்த நேரத்துக்கு மட்டும்.

கடிப்பதற்குக் கடிக்கிற பொருள்தான் மாற்று. உணவுத் தர சிலிகானில் கழுத்தில் தொங்கவிடும் கடிப்பான் கிடைக்கும், இழுத்தால் தானே கழன்றுவிடும் கயிறாகப் பார்த்து வாங்குங்கள், தினமும் கிழிசல் இருக்கிறதா என்று பாருங்கள். உட்கார்ந்து சாப்பிடும் நேரத்தில் கரும்புத் துண்டு, முறுக்கு. மணிக்கட்டுக்கு விளையாட்டு வீரர்கள் போடும் டவல் பட்டை. கடித்துவிட்டால் சத்தம் போட வேண்டாம், ஓடிவந்து கட்டிக்கொள்ளவும் வேண்டாம், பேசாமல் கடிப்பானை வாயருகே கொடுங்கள். அவன் கையைத் தூக்கி உதறினால், உதறட்டும்.

ஓய்வுபெற்றவாத்தியார் | வியாழன், மாலை 5:30

மகளே, என் பேரனுக்குச் செய்தது ஒன்று சொல்கிறேன். வகுப்பில் நாற்காலியின் முன்கால் இரண்டுக்கும் குறுக்கே பழைய சைக்கிள் ட்யூபை இழுத்துக் கட்டினேன். உட்கார்ந்தபடியே காலால் அதைத் தள்ளிக்கொண்டும் உதைத்துக்கொண்டும் இருப்பான், சத்தமும் வராது. சைக்கிள் கடையில் சும்மாவே கொடுத்தார்கள்.

பள்ளிக்குப் போகும்போது சண்டைக்காரராகப் போகாதீர்கள், ஆனால் கை கட்டிக்கொண்டும் போகாதீர்கள். 2016ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசம் இருக்கிறது. அங்கீகாரம் பெற்ற பள்ளி எதுவும் இந்தப் பிள்ளைகளைப் பாகுபாடில்லாமல் சேர்த்துக்கொள்ள வேண்டும், அவர்களுக்குத் தேவையான நியாயமான வசதி செய்து தர வேண்டும் என்று 16ஆம் பிரிவு சொல்கிறது. அந்த நோட்டைக் கையில் எடுத்துப் போங்கள். நாற்பது வருடம் வகுப்பில் நின்றவன் சொல்கிறேன், காரணம் தெரிந்தால் ஆசிரியர்களில் பெரும்பாலோர் இறங்கி வருவார்கள். மற்ற பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கள், 'அவனுக்குச் சத்தம் அதிகமாகக் கேட்கும், அதனால் கையை ஆட்டுகிறான்' என்று. அது போதும், பிள்ளைகள் அடுத்த நாளே கவனிப்பதை விட்டுவிடுவார்கள்.

பெரியகுளம்அப்பா | வெள்ளி, இரவு 8:20

நிலாமுற்றம் தங்கச்சி, உங்கள் பதிவை வீட்டில் சத்தமாகப் படித்துக் காட்டினேன். என் பையன் பள்ளி முடிந்து வந்ததும் அரை மணி நேரம் மொட்டை மாடியில் விடுகிறோம் இப்போது. கைப்பிடிச் சுவர் உயரம்தான், நானும் ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பேன். அவன் பாட்டுக்கு ஆடுகிறான், உறுமுகிறான், சிரிக்கிறான். சாயங்காலச் சண்டை குறைந்திருக்கிறது. வெளியில் போகும்போது அவன் சட்டையில் ஒரு அட்டை, 'எனக்கு ஆட்டிசம், என் அப்பா எண் இது' என்று. அட்டை குத்துவது எனக்கு முழு மனதாக இல்லை, அவன் அம்மாவுக்கும் இல்லை. ஆனாலும் இப்போதைக்குக் குத்துகிறோம்.

சித்திரைவெயில் | ஏழு வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 4:00

போன வாரம் முழுக்க 3 தடவைதான் கடித்தான். காய்ப்பு உரிந்து புதுத்தோல் வருகிறது. மாவு பிசைவது ரொம்பப் பிடித்துவிட்டது, சப்பாத்தி இல்லாத நாளிலும் மாவு கேட்கிறான், 'அம்மா மாவு தா' என்று மூன்று சொல்லாகக் கேட்கிறான். பள்ளியில் முதலில் யோசித்தார்கள், பிறகு மதியச் சாப்பாட்டுக்கு அவனும் இன்னும் இரண்டு பிள்ளைகளும் வராந்தாவில் உட்கார ஒத்துக்கொண்டார்கள், ட்யூபும் கட்டிவிட்டோம். தெரபி சென்டரை மாற்றிவிட்டேன்.

கை உதறுவது பழையபடி வந்துவிட்டது. நேற்று அவர் ஆபீஸிலிருந்து வந்து வண்டியை நிறுத்திய சத்தம் கேட்டதும் வாசலுக்கு ஓடி இரண்டு கையையும் தூக்கி உதறி ஈஈ என்றான். அதைப் பார்த்து எத்தனை நாள் ஆயிற்று என்று அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

ஒரு கேள்வி மட்டும் பாக்கி. தீபாவளி வருகிறது. எங்கள் தெருவில் விடியற்காலை நாலு மணிக்கே சரம் வெடிப்பார்கள்.

நிலாமுற்றம் | ஞாயிறு, மாலை 4:40

அக்கா, இயர் மஃபை அன்றைக்குப் புதிதாக மாட்டினால் கழற்றி எறிவான், இன்றிலிருந்தே கார்ட்டூன் பார்க்கும்போது ஐந்து நிமிடம் மாட்டிப் பழக்குங்கள். காலண்டரில் அந்த நாளை வட்டம் போட்டுக் காட்டுங்கள், வெடிச் சத்தத்தை ஃபோனில் ரொம்ப மெதுவாக வைத்து, அவன் கையிலேயே நிறுத்துகிற பட்டனைக் கொடுங்கள். முந்தின இரவு தெருப்பக்கம் இல்லாத அறையில் ஜன்னலைச் சாத்திப் படுக்க வையுங்கள். ஊருக்கு வெளியே உறவுக்காரர் வீடு இருந்தால் அதைவிட நல்லது. நான் வருடா வருடம் அத்தை வீட்டுத் தோட்டத்துக்குப் போய்விடுவேன், அங்கே கிணற்று மோட்டார் சத்தம் மட்டும்தான்.

சித்திரைவெயில் | ஞாயிறு, மாலை 5:05

மேலூர் பக்கம் என் பெரியம்மா வீடு இருக்கிறது. இப்போதே ஃபோன் பண்ணுகிறேன்.